மனிதக் கை படாத மரண அறிவித்தல்

பண்டத்தரிப்பு லெனாட் ஒரு விசிற்றிங் காட் அடித்து வைத்திருந்தான். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் 'ச. லெனாட், இணையத்தள விருத்தியாளர்' என்று தங்க நிறத்தில் மின்னியது. பகலில் அவன் ஒரு அரச அலுவலகத்தில் படவரைஞன். மிச்ச நேரத்தில் ஊரின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்பவன். விருத்தி என்று சொல்லும்படி எதையும் தான் செய்ததில்லை என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில்தான் அந்தத் தளம் ஓடியது. அதில் இல்லாத வசதி ஒன்று வேண்டுமென்றால் பிளகின் என்ற சின்ன நிரலை உள்ளே செருகவேண்டும். யாரோ எங்கேயோ எழுதிவைத்த பிளகினைத் தேடிப்பிடித்து, 'நிறுவு' என்ற பொத்தானை லெனாட் அழுத்துவான். அவ்வளவுதான் தொழில். ஆனால் அழுத்தும்போது முகத்தை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப்போல வைத்துக்கொள்வான். அந்த முகத்தைக் கண்டால் மனைவி ஜெயனி குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

தளத்தின் சொந்தக்காரன் பிரகாஸ். ஊர்ப் பெடியன், இப்போது லண்டனில். கோயில் திருவிழா, தேவாலயத்து அறுவடை விழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றின் படங்களும் தளத்தில் வரும். ஆனால் சனம் அங்கே வருவது அதற்கல்ல. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஊரவர்கள் காலையில் பல் விளக்குமுன் தளத்தைத் திறப்பார்கள், யார் போனது என்று பார்ப்பார்கள், மூடுவார்கள். மரண அறிவித்தல்தான் அந்தத் தளத்தின் உயிர்.

அந்த அறிவித்தல்களை லெனாட் கையால் அடித்துக்கொண்டிருந்தான். வட்ஸ்அப்பில் விபரம் வரும். சிலர் கடதாசியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள், சிலர் அழுதழுது குரலிலேயே சொல்வார்கள். ஒருநாள் பிரகாஸ் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, கொழும்பிலை ஒரு கொம்பனி சொல்லுது, குடும்பத்தாக்களே ஒரு படிவத்தை நிரப்பினால் அறிவித்தல் தன்ரை பாட்டிலை வாற மாதிரி ஒரு பிளகின் எழுதலாமாம். குடுப்பமோ?"

"கொழும்புக்கு ஏன் தம்பி? நானே எழுதுறன்."

"உங்களுக்குப் பிளகின் எழுதத் தெரியுமோ அண்ணை?"

"என்ன கதை கதைக்கிறாய்? உது என்ரை தொழிலெல்லோ."

தொலைபேசியை வைத்த கையோடு லெனாட் மடிக்கணினியைத் திறந்து, பிளகின் எழுதுவது எப்படி என்று தேடினான்.

தேடலில் அகப்பட்டது ஒரு வடஇந்திய இளைஞனின் காணொளி வரிசை. அவன் கதைத்த ஆங்கிலம் புகைவண்டி வேகத்தில் போனது. லெனாட் அதை அரைவேகத்துக்குக் குறைத்தான். இளைஞன் கள்ளுக் குடித்தவன் மாதிரி இழுத்திழுத்துக் கதைத்தான்; ஆனால் விளங்கியது. முதற்பாடம் சுலபம். ஒரு கோப்பைத் திறந்து, அதன் தலையில் பிளகினின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் போட்டால் போதும். உள்ளே ஒரு வரியும் இல்லாவிட்டாலும் வேர்ட்பிரஸ் அதைப் பிளகின் என்று ஏற்றுத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பட்டியலில் தன் பெயரைக் கண்டதும் லெனாட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே ஒன்றுமில்லாமல் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு உலாவுவது தன் விசிற்றிங் காட் மாதிரியே இருக்கிறதே என்ற எண்ணம் சற்றுப் பிந்தித்தான் வந்தது.

அடுத்த பாடம், ஓடும் தளத்தில் பரிசோதனை செய்யவேண்டாம், வேறாக ஒரு பயிற்சித் தளம் அமைத்துக்கொள் என்று சொல்லுகிற பாடம். எழுத ஒன்றுமில்லாத பாடம் என்று லெனாட் அதைத் தாண்டிவிட்டான்.

மூன்றாம் பாடத்தில் ஹூக் வந்தது. ஹூக் என்றால் கொளுக்கி. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைத் தயாரித்துக்கொண்டு போகும் வழியில் அங்கங்கே கொளுக்கிகளைத் தொங்கவிட்டிருக்கும். நமது நிரலை அதில் கொளுவிவிட்டால், அந்த இடத்துக்கு வரும்போது நமது வேலையையும் செய்துவிட்டுப் போகும். இளைஞன் சொன்னபடி, ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு வசனம் தானாக வரும்படி லெனாட் எழுதிக் கொளுவினான். 'நன்றி. மீண்டும் வருக.' வந்தது. எல்லாப் பதிவிலும் வந்தது. அவன் ஜெயனியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் நல்லது என்றாள். பிற்பகல் பிரகாஸிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.

"அண்ணை, செத்தவீட்டு அறிவித்தலுக்குக் கீழை 'மீண்டும் வருக' எண்டு கிடக்கு. ஆர் வாறது, எங்கை வாறது?"

லெனாட் அதைக் கழற்றினான். இது சோதனை என்று பதில் போட்டான். விருத்தியாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று காணொளியில் கண்டிருந்தான்.

அதன்பிறகு அவன் உண்மையாகவே படித்தான். அலுவலகத்தில் வரைபடத்துக்குக் கீழே கடதாசி வைத்து நிரல் எழுதிப் பார்த்தான். தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் என்ற கீழ்க்குரல் பாடும்போதுகூட மனதுக்குள் அடைப்புக்குறிகளை மூடிக்கொண்டிருந்தான். படிவத்தில் இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், இருந்த ஊர், பிறகு உறவினர் ஒவ்வொருவராக. ஒவ்வொரு உறவினருக்கும் பக்கத்தில் 'காலமானவர்' என்று ஒரு சின்னப் பெட்டி. அதில் சரி போட்டால் அந்தப் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் தானாக வந்து உட்காரவேண்டும். பலர் என்றால் 'காலஞ்சென்றவர்களான'. 'அன்பு', 'பாசமிகு' இரண்டும் மாறிமாறி வரவேண்டும். ஒரே சொல் திரும்பத்திரும்ப வந்தால் வாசிக்க நல்லாயிராது. ஜெயனி தமிழ்ப் பாடம் படிப்பிக்கிறவள். ஒற்று மிகும் இடம் மிகா இடம் எல்லாம் அவள்தான் திருத்திக் கொடுத்தாள். அவளுடைய காலஞ்சென்ற தகப்பனையும் உயிரோடிருக்கும் தாயையும் போட்டுப் பார்த்தார்கள். சரியாக வந்தது.

"உண்மையாவே வேலை செய்யுதப்பா" என்றாள் ஜெயனி. இவ்வளவு ஆச்சரியப்படத் தேவையில்லை என்று லெனாட்டுக்குப் பட்டது.

அரியாலையில் ஒரு மூதாட்டி இறந்தபோது பிளகின் முதன்முதலாக நிசமான அறிவித்தல் ஒன்றை ஒரு பிழையில்லாமல் வெளியிட்டது. அந்தச் சந்தோசத்தில் லெனாட் எல்லா அறிவித்தல்களின் அடியிலும் ஒரு வசனம் வரச்செய்தான்: 'இவ்வறிவித்தல் மனிதக் கை படாமல் தயாரிக்கப்பட்டது. ஆக்கம்: ச. லெனாட்.' பக்கத்தில் தன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டான். மிளகாய்த்தூள் பைக்கற்றிலிருந்து எடுத்த வசனம் மாதிரிக் கிடக்கிறது என்றாள் ஜெயனி. பொறாமை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பிறகு பிரகாஸ் எடுத்தான்.

"எல்லாம் திறம் அண்ணை. ஒண்டே ஒண்டு. ஒவ்வொரு பேருக்கும் 'காலமானவர்' எண்டு கேக்கிறது ஒரு மாதிரிக் கிடக்கு. துக்கத்திலை இருக்கிற சனம். 'உயிருடன் உள்ளார்' எண்டு மாத்துங்கோவன். கொஞ்சம் பொசிற்றிவா இருக்கட்டும்."

"உது ஒரு சின்ன வேலை" என்றான் லெனாட். உண்மையாகவே சின்ன வேலைதான். அலுவலகத்தில் மதியச் சோற்றுக்கும் கை கழுவுவதற்கும் இடையில் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டான்.

ஞாயிறு காலை ஆராதனையில் லெனாட் பாடகர் குழுவோடு நின்று பாடிக்கொண்டிருந்தபோது காற்சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிரத் தொடங்கியது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. பிரசங்கம் தொடங்கியபிறகு அது நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த மற்றப் பேஸ்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த ஜெயனி கண்ணால் ஒரு கேள்வி கேட்டாள். கடைசி ஆசீர்வாதத்துக்குக் குனிந்த தலையோடேயே லெனாட் வெளியில் நழுவி, மதிலோரம் நின்ற வேப்பமரத்துக்குக் கீழே போய் எடுத்தான்.

"லெனாட் அண்ணையோ? நான் கீர்த்திகன் கதைக்கிறன்."

"எந்தக் கீர்த்திகன்?"

"காலஞ்சென்ற கீர்த்திகன்."

லெனாட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுமுனையில் பறைச் சத்தம் கேட்டது.

"சண்டிலிப்பாய், அண்ணை. எங்கடை ஐயா நேற்று மோசம் போட்டார். நான்தான் விடியக் காலமை உங்கடை படிவத்தை நிரப்பினனான். நீங்கள் ஒருக்கா அதைத் திறந்து பாருங்கோ."

லெனாட் திறந்தான். சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கந்தையா பொன்னம்பலம் அவர்கள் சனிக்கிழமை காலமானார். அதுவரை சரி. அன்னார், கந்தையா சின்னப்பிள்ளை தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற பத்மாவதியின் பாசமிகு கணவரும், காலஞ்சென்ற கீர்த்திகனின் அன்புத் தந்தையும், காலஞ்சென்றவர்களான இரத்தினம்மா, தில்லையம்பலம் (கனடா) ஆகியோரின் பாசமிகு சகோதரரும் ஆவார். கீழே, 'தகவல்: மகன் கீர்த்திகன்.' அதற்கும் கீழே, மனிதக் கை படாமல் தயாரிக்கப்பட்டது.

என்ன நடந்தது என்று லெனாட்டுக்கு அந்தக் கணமே விளங்கியது. அவன் மாற்றியது பெட்டிக்குப் பக்கத்தில் தெரிகிற சொல்லை மட்டும். உள்ளேயிருந்த விதியை மாற்றவில்லை. சரி போட்டவர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடு என்றுதான் அது இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது. உயிருடன் உள்ளார் என்று கீர்த்திகன் சரி போட்ட அத்தனைபேரையும் பிளகின் பக்குவமாகக் கொன்றிருந்தது; எப்போதோ இறந்த கந்தையாவையும் சின்னப்பிள்ளையையும் எழுப்பிவிட்டிருந்தது. அந்த விதியில் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்திருந்தால் போதும். நிரல் மொழியில் ஆச்சரியக்குறிக்கு 'இல்லை' என்று பொருள்.

கீழே இரங்கல்கள் குவிந்திருந்தன. பெரும்பாலானவர்கள் ஒன்றையும் வாசிக்காமல் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டிருந்தார்கள். வாசித்த ஒருவர் 'ஐயோ, முழுக் குடும்பமுமோ? விபத்தோ?' என்று கேட்டிருந்தார். அதற்கு நோர்வேயிலிருந்து ஒருவர் 'அவர்கள் போன வான் என்று கேள்விப்பட்டேன்' என்று பதில் எழுதியிருந்தார். ஜேர்மனிக்காரர் ஒருவர் அந்த வானை ஒரு புகையிரதக் கடவையில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

"அண்ணை, நிக்கிறியளோ?" என்றான் கீர்த்திகன்.

"நிக்கிறன் தம்பி. உடனை சரி பண்ணுறன்."

வீட்டுக்கு ஓடிவந்து, பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையோடேயே கதிரையில் இருந்து, லெனாட் அந்த வரியைத் தேடி எடுத்தான். ஆச்சரியக்குறியைப் போட்டான். போடும் அவசரத்தில் வரி முடிந்தது என்று கணினிக்குச் சொல்கிற அரைப்புள்ளியைத் தட்டி அழித்துவிட்டான். சேமித்துவிட்டுத் தளத்தைத் திறந்தான். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரேயொரு ஆங்கில வசனம்: இந்தத் தளத்தில் பாரதூரமான தவறு ஒன்று நிகழ்ந்துள்ளது. இவ்வளவு காலத்தில் முதன்முதலாகக் கணினி தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று லெனாட்டுக்குத் தோன்றியது.

ஜெயனி பின்னால் வந்து நின்றாள்.

"இப்ப என்ன?"

"இப்ப ஒருத்தரும் சாகேல்லை. ஒருத்தரும் இருக்கவும் இல்லை. எல்லாம் போட்டுது."

"பிரேதம் எத்தினை மணிக்கு எடுக்கினம் எண்டதும் போட்டுதோ?"

அதுவும் போய்விட்டிருந்தது. ஜெயனி அவனுடைய மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"போய் முகத்தைக் காட்டுங்கோ."

"சரி பண்ணிப்போட்டுப் போறனே."

"இஞ்சாருங்கோ, உங்கடை ஆச்சரியக்குறியை அங்கை போய் வையுங்கோ. வெளிக்கிடுங்கோ முதல்."

தான் வருவதாகக் கீர்த்திகனுக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டு, மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு லெனாட் வெளிக்கிட்டான். சண்டிலிப்பாய்க்குப் போகும் வழி முழுக்க ஒரு மன்னிப்புரையைத் தயாரித்துக்கொண்டு போனான். தொடக்கத்தில் அது எளிமையாக இருந்தது. பாதி வழியில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்ற சொல் வந்து சேர்ந்தது. முக்கால் வழியில் தவறு முழுவதும் பிரகாஸ் கேட்ட மாற்றத்தால் வந்தது என்றாகிவிட்டது. செத்தவீட்டு ஒழுங்கை முகப்பில் வாழை கட்டியிருந்தது. அதைக் கண்டதும் உரை முழுவதும் மறந்துபோனது.

முற்றத்தில் தறப்பாள் பந்தலுக்குக் கீழே ஆண்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். பறை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கணினிப் பையைக் கதிரைக்குக் கீழே மறைத்து வைத்துவிட்டு லெனாட் ஓர் ஓரமாக இருந்தான். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. வெத்திலைத் தட்டத்தைத் தள்ளிவிட்ட ஒரு பெரியவர் கதையைத் தொடர்ந்தார்.

"பண்டத்தரிப்பானாம். லெனாட்டோ என்னவோ பேர். குடும்பத்தையே ஒரு விடியப்புறத்திலை முடிச்சுப் போட்டான்."

"உவங்களைப் பிடிச்சு உள்ளுக்கை போடவேணும்" என்றார் மற்றவர். பிறகு லெனாட்டின் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி சொல்லுறீர்?"

அந்த இடத்தில் ஒரு மனிதன் எழுந்து, நான்தான் அந்த லெனாட் என்று சொல்லியிருக்கவேண்டும். லெனாட்டின் வாய் வேறொன்று சொன்னது.

"ஓம் ஐயா. உவங்கள் வீடியோ பாத்துப் படிக்கிறவங்கள்."

"அப்பிடியோ?"

"பின்னை? ஒழுங்கா ஒரு சோதினை செய்து பாத்திருந்தால் உது வந்திராது. ஒரு சொல்லை மாத்தினால் அதோடை சேந்த விதியையும் மாத்தவேணும் எண்டுற அடிப்படைகூட உவனுக்குத் தெரியேல்லை. ஓடுற தளத்திலை கை வைச்சிருக்கிறான்."

சொல்லச் சொல்ல அவனுக்கு வேகம் பிடித்தது. இரண்டு நாளாக மனதில் வைத்திருந்த வஞ்சத்தைத் தீர்ப்பவன் மாதிரி லெனாட் லெனாட்டைத் திட்டினான். அடியில் தன் பேரைப் போட்டு விளம்பரம் தேடியதையும் விடவில்லை. பெரியவர் மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"நீர் விசயம் தெரிஞ்ச ஆள். நீர் எழுதியிருந்தால் உப்பிடி வந்திராது."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, ஈர வேட்டியோடு, இரவு முழுக்க நித்திரை கொள்ளாத கண்களோடு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டையையும் கதிரைக்குக் கீழே கிடந்த பையையும் பார்த்தான்.

"லெனாட் அண்ணை, வந்திட்டீங்களோ?" என்றான் கீர்த்திகன்.

பெரியவர் வெத்திலை மெல்வதை நிறுத்தினார். லெனாட் எழுந்து நின்றான். தனக்கு இதைவிடக் குறைந்த உயரம் இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

"தம்பி, என்னை மன்னிக்கவேணும்" என்றான். வழியில் கட்டிய உரையில் அந்த ஒரு வசனம்தான் மிஞ்சியிருந்தது.

"கோவமில்லை அண்ணை" என்றான் கீர்த்திகன். "காலமை தொடங்கி ஆக்கள் எடுக்க எடுக்க, நான் இருக்கிறன், நான் இருக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். ஐயாவுக்காண்டி இருந்து அழ நேரம் கிடைக்கேல்லை. அவ்வளவுதான்."

அவன் கத்தியிருந்தால் லெனாட் தாங்கியிருப்பான்.

விறாந்தையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கீர்த்தி, உவரோ என்னைச் சாகடிச்சவர்? இஞ்சாலை விடு, பாப்பம்."

அது இரத்தினம்மா, செத்தவரின் தங்கை. எழுபது தாண்டிய மனுசி; மெலிந்த தேகம், பெரிய மூக்குக்கண்ணாடி. அழுது வீங்கிய முகம். கையில் தொலைபேசியை இறுக்கிப் பிடித்திருந்தாள். லெனாட் முன்னால் போய் நின்றான்.

"நீர் வேதக்காரரோ?" என்றாள், அவன் சட்டையிலிருந்த பாடகர் குழுவின் சிலுவைச் சின்னத்தைப் பார்த்து.

"ஓம் அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிக்கிறது இருக்கட்டும். கதையைக் கேளும். கனடாவிலை எங்கடை தம்பி தில்லையன். பதினேழு வரியமா என்னோடை கதையில்லை, கிணத்துப் பங்கிலை வந்த பிரச்சினை. இண்டைக்குக் காலமை உவன் கீர்த்திக்கு எடுத்து, அக்காவை எத்தினை மணிக்கு எடுக்கினம் எண்டு கேட்டுக் குழறினான். நான் போனைப் பறிச்சு, டேய், நான்தான் கதைக்கிறன் எண்டன். பயந்துபோய் வைச்சிட்டான்."

விறாந்தையிலிருந்த பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"பேந்து திருப்பி எடுத்தவன். ரண்டுபேரும் அழுதம். அண்ணையை நினைச்சு அழுதம். சின்னனிலை மூண்டுபேரும் புகையிலைக் கண்டுக்குத் தண்ணி இறைச்சதெல்லாம் சொன்னான். நானும் சொன்னன். எல்லாம் நல்லாத்தான் போச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதுக்குப் பிறகு சொல்லுறான், எண்டாலும் அக்கா, கிணத்திலை எனக்கு அரைப்பங்கு இருக்கெண்டு."

"பிறகு?"

"பிறகென்ன. நான் வைச்சிட்டன்." கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "நீர் எல்லாரையும் எழுப்பிவிடும். அவனை மட்டும் ரண்டு நாள் கழிச்சு எழுப்பினால் போதும்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் லெனாட் கீர்த்திகனைப் பார்த்தான். கீர்த்திகன் சிரித்துக்கொண்டிருந்தான், கன்னத்தில் கண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது.

லெனாட் பந்தலுக்குக் கீழே ஒரு கதிரையில் மடிக்கணினியை வைத்து, முன்னால் முழங்காலில் இருந்தான். தளம் விழுந்தாலும் அதன் கோப்புகளுக்குள் போக ஒரு பின்வழி உண்டு. கீர்த்திகன் தன் தொலைபேசி இணைப்பைக் கொடுத்தான். லெனாட்டின் முதுகுக்குப் பின்னால் கூட்டம் கூடிவிட்டது. பெரியவர் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

"இப்ப என்ன செய்யுறீர்?"

"அரைப்புள்ளியொண்டைத் தேடுறன் ஐயா."

"பொறுமையாத் தேடும்" என்றார் பெரியவர். சற்று முன்னர் உள்ளே போடச் சொன்னவர் கிழக்கிலிருந்து வந்த வெயில் திரையில் படாமல் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரைப்புள்ளி அகப்பட்டது. ஆச்சரியக்குறி இடத்தில் இருந்தது. தளம் திரும்பி வந்தது. லெனாட் மூச்சு விட்டு எழும்ப, விறாந்தையிலிருந்து இரத்தினம்மா சொன்னாள்:

"எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை. பிலத்து வாசியும், எல்லாருக்கும் கேக்கட்டும்."

லெனாட் வாசித்தான். தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கும் குரல்தான் அவனிடம் இருந்தது. அந்தக் குரலிலேயே வாசித்தான்.

"அன்னார், காலஞ்சென்றவர்களான கந்தையா சின்னப்பிள்ளை தம்பதிகளின் அன்பு மகனும்..."

"அது சரி" என்றாள் இரத்தினம்மா.

"கீர்த்திகனின் அன்புத் தந்தையும்" என்று வர, யாரும் கேட்காமலே "இருக்கிறன்" என்றான் கீர்த்திகன். பந்தலில் ஒரு சிரிப்பு ஓடியது.

"இரத்தினம்மா, தில்லையம்பலம் ஆகியோரின்..."

"நான் இருக்கிறன்" என்றாள் இரத்தினம்மா. பிறகு ஏதோ நினைத்தவளாகத் தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்திக் காதில் வைக்காமல் நீட்டிப் பிடித்தாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. "டேய், இருக்கிறியோ?" என்றாள்.

"இருக்கிறன் அக்கா" என்றது கனடா. "அக்கா, அந்தக் கிணத்து..."

அவள் வைத்துவிட்டாள். "இருக்கிறான்" என்றாள் லெனாட்டிடம்.

இந்த முறை சிரிப்பு உரக்க எழுந்தது. அது அடங்குமுன் லெனாட் ஒரு பெயரைத் தாண்டி வந்துவிட்டதைக் கவனித்தான். பதற்றத்தில் கண் ஒரு வரி வழுக்கியிருந்தது. திரும்பிப் போய் வாசித்தான்.

"பத்மாவதியின் பாசமிகு கணவரும்."

எல்லாரும் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே, செத்தவரின் தலைமாட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு மனுசி சுவரில் சாய்ந்து இருந்தாள். காலை முழுக்க நடந்த கூத்தில் அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை போலத் தெரிந்தது. பெயர் கேட்டு நிமிர்ந்தாள். பந்தலில் நின்ற எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டாள்.

"இருக்கிறன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில் லெனாட்டால் திரையைப் பார்க்க முடியவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு நின்றான். இரத்தினம்மா எழுந்து உள்ளே போய் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தாள். பறை மறுபடியும் தொடங்கியது.

லெனாட் திரும்பிப் போகவில்லை. பின்னேரம் பிரேதத்தைத் தூக்கும்வரை நின்றான். சுடலைவரைக்கும் போனான். கிரியை எதுவும் விளங்காமல் மற்றவர்கள் குனிந்தபோது குனிந்தான், நிமிர்ந்தபோது நிமிர்ந்தான். வரும்போது பெரியவர் அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். ஒழுங்கைச் சந்தியில் இறங்கும்போது தன் தொலைபேசியை நீட்டி, இதில் எழுத்துச் சின்னனாய்ப் போய்விட்டது, என்னவென்று பாரும் என்றார். லெனாட் பெருப்பித்துக் கொடுத்தான். அன்றைக்கு அவன் பிழையில்லாமல் செய்த முதல் வேலை அதுதான்.

ஒரு கிழமைக்குப் பிறகு பிரகாஸ் எடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை போலத் தளத்துக்கு ஒருநாளும் ஆட்கள் வந்ததில்லை என்று சொன்னான். குரலில் கவலையை விடச் சந்தோசம் கூடத் தெரிந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஒரு பிளகின் எழுதலாமே என்றான். பிறந்தவர்களைக் கொஞ்சக் காலம் நிம்மதியாய் இருக்கவிடுவம் தம்பி என்றான் லெனாட்.

மனிதக் கை படாத வசனத்தை அவன் எடுத்துவிட்டான். அறிவித்தல் தன் பாட்டில் வெளிவருவதையும் நிறுத்திவிட்டான். இப்போது யாராவது படிவத்தை நிரப்பினால் லெனாட் முதலில் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, முழுவதையும் பிலத்து வாசித்துக் காட்டி, அவர்கள் சரியென்ற பிறகுதான் வெளியிடுவான். முந்திக் கையால் அடித்ததைவிட இதற்கு இருமடங்கு நேரம் போகிறது.

"அப்ப எதுக்கண்ணை பிளகின்?" என்று பிரகாஸ் கேட்டான்.

"அது தன்ரை வேலையைச் செய்யுது. நான் பக்கத்திலை நிக்கிறன்."

மார்கழியில் அரியாலையில் ஐசாக் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் இறந்தார். மகள் ஜொய்சிக்கு லெனாட் வாசித்துக் காட்டினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் சரி அண்ணை. மருமக்களிலை என்ரை மனிசன்தான் மூத்தவர். அவரின்ரை பேர் ஏன் பின்னாலை வருது?"

"அது அகரவரிசையிலை வருது பிள்ளை. அந்த வரிசையை மாத்த அதிலை இடமில்லை."

"இடமில்லையெண்டால் செய்யுங்கோவன். நீங்கள்தானே அதை எழுதினது?"

லெனாட் சற்று யோசித்தான். ஓம், நான்தான் எழுதினது என்றான். அரை மணித்தியாலம் தாங்கோ என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தான்.

"தொடமுதல் பழையதைக் கொப்பி எடுத்து வைச்சனீங்களோ?" என்று குசினியிலிருந்து ஜெயனி கேட்டாள்.

"எடுத்திட்டன், எடுத்திட்டன்" என்று சொல்லிவிட்டு, விசைப்பலகை சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு, லெனாட் அப்போதுதான் அந்தக் கொப்பியை எடுத்தான்.